மகளிடம் சொல்ல வேண்டும்

மார்ச் 9, ஞாயிறு.

இன்றைய தவறு: காலையில் பாலை அடுப்பில் வைத்துவிட்டுத் துணி காயப்போடப் போய்விட்டேன். பொங்கி வழிந்து தீயை அணைத்துவிட்டது. நான் திரும்பி வந்தபோது அப்பா அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தார். "பால் வச்ச நெனப்பே இல்ல பாப்பா, மன்னிச்சுக்கோ" என்றார். பால் வைத்தது நான். அதைச் சொல்லாமல் அவர் கையிலிருந்த துணியை வாங்கி மீதியைத் துடைத்தேன்.

சார், நாட்குறிப்பை எப்படி எழுத வேண்டும் என்று இந்த நேர நிர்வாக வகுப்பின் முதல் நாளிலேயே சொன்னீர்கள். மேலே அன்றைய தவறு, கீழே மறுநாள் பணி, நடுவில் காரணம். நடுப்பகுதியை நான் எப்போதும் இரண்டு வரியில் முடித்துவிடுவேன். இன்று கொஞ்சம் நீளும். நீங்கள் தேதியை மட்டும் பார்த்து டிக் போடுகிறீர்கள் என்பது மாலை வகுப்பில் எல்லோருக்கும் தெரியும். பின்வரிசையில் உட்காரும் தபால் ஆபீஸ் பெண் ஒரு வாரம் முழுக்க ஒரே பக்கத்தையே திரும்பத் திரும்ப எழுதிக் கொடுத்து, எல்லாவற்றுக்கும் டிக் வாங்கினாள். நீங்கள் படித்தாலும் பரவாயில்லை. ஒளிக்க வேண்டியதாக என்னிடம் ஒன்றும் இல்லை என்றுதான் நினைக்கிறேன். அப்படி நினைப்பது சரியா என்பதில் மட்டும் கொஞ்சம் சந்தேகம்.

பகலில் நான் ஒரு பல் மருத்துவமனையில் வரவேற்பு மேசையில் வேலை பார்க்கிறேன். வலியோடு கூப்பிடுகிறவர்களை முன்னால் இழுப்பேன், பல் சுத்தம் செய்ய வருகிறவர்களைப் பின்னால் தள்ளுவேன். யாருக்கும் கோபம் வராமல் ஒருவருடைய செவ்வாயை வியாழனாக மாற்றுவது எனக்குக் கைவந்த வேலை. அதனால்தான் நீங்கள் வகுப்பில் அந்த நாட்காட்டி மென்பொருளைக் காட்டியபோது எனக்கு உடனே பிடித்துவிட்டது. அன்றே வீட்டுக் கணினியில் போட்டேன், மறுநாள் மருத்துவமனை மேசைக் கணினியிலும். நாட்காட்டி ஒன்று, திரை இரண்டு. அப்பாவுக்கு நீல நிறம், எனக்குப் பச்சை. செய்யாமல் விட்ட வேலை சிவப்பாக மாறி, மறுநாள் காலையில் எல்லாவற்றுக்கும் மேலே வந்து உட்கார்ந்துகொள்ளும். 'முடிந்தது' என்று டிக் போட்டால்தான் சாம்பல் நிறமாகி அடங்கும். வகுப்பில் நீங்கள் இதை ஒரு வசதி என்று சொன்னீர்கள்.

அப்பா பஸ் டிப்போவில் டைம்கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். அங்கே அவருக்குப் பெயரே 'கடிகாரம்'தான். வண்டி தாமதமாக வந்தால் டிரைவரைத் திட்ட மாட்டாராம். அவன் முகத்தைக்கூடப் பார்க்காமல் சுவரை நிமிர்ந்து பார்ப்பாராம். அதிலேயே அவன் கூனிக் குறுகிப்போவானாம். வீட்டில் அந்த வண்டி நான். அம்மா இறந்த பிறகு நாங்கள் இருவர்தான், ஆகவே தாமதமாக வருவதற்கு வேறு ஆளும் இல்லை. "உன்னை டைம்கீப்பரா போட்டா ஜனங்க பஸ்ஸுக்கு முன்னாடி நடந்தே போய்ச் சேந்துடுவாங்க" என்பார். சிரித்துக்கொண்டுதான் சொல்வார். நானும் சிரிப்பேன். இரவு படுத்த பிறகு, அன்று எதை மறந்தேன் என்று ஒவ்வொன்றாக யோசித்துப் பார்ப்பேன்.

அப்பா மென்பொருளை என்னைவிட வேகமாகப் பழகிக்கொண்டார். சுவரிலிருந்த காகித நாட்காட்டியைக் கழற்றிவிட்டார். ஆணி மட்டும் மிச்சம். காலையில் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு திரையைப் பார்த்து, டிப்போ ஒலிபெருக்கியில் சொல்வது மாதிரி அன்றைய வேலைகளை உரக்கப் படிப்பார். "பயணிகள் கவனத்திற்கு, பத்து மணிக்குக் கண்ணாடிக் கடை!"

இப்போது எழுந்து போய் அடுப்புக் குமிழைப் பார்த்துவிட்டு வந்தேன். அணைத்துத்தான் இருக்கிறது. அப்பா நாற்காலியில் தூங்குகிறார்.

நாட்காட்டியில் நடந்த முதல் மாற்றம் உண்மையிலேயே என் கைத்தவறு. டிப்போ நண்பர்களோடு புதன்கிழமை மதியச் சாப்பாடு என்று அப்பா சொல்லச் சொல்ல நான்தான் தட்டினேன். வியாழக்கிழமையில் போட்டுவிட்டேன். புதன் மதியம் அவர்கள் ஹோட்டலிலிருந்து போன் செய்தார்கள். நான் சாப்பிட வீட்டுக்கு வந்திருந்தேன்.

"என்னய்யா கடிகாரம், பேட்டரி போயிடுச்சா? சாம்பார் ஆறுது" என்று ஒருவர் கத்தினார். பின்னால் நாலைந்து பேர் சிரித்தார்கள்.

அப்பா போனை வைத்துவிட்டுக் கணினி முன்னால் போய் உட்கார்ந்தார். வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். காகிதமாக இருந்தால் ஒரு பார்வையில் தெரிந்திருக்கும். அவர் எழுத்து ஈட்டி மாதிரி சாயும், என் எழுத்து உருண்டையாக இருக்கும். திரையில் எல்லா எழுத்தும் ஒரே எழுத்து.

"நான்தான் தப்பா அடிச்சிருக்கேன்" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "இனிமே நீயும் ஒரு தடவ பாத்துச் சொல்லு பாப்பா" என்றார்.

நான் வாயைத் திறந்தது உண்மையைச் சொல்லத்தான். "சரிப்பா" என்றுதான் வந்தது. ஒரு விஷயத்தைச் சரிபார்க்கும்படி அவர் என்னிடம் கேட்டது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. அன்று மாலை வகுப்பு முடிந்து நான் தாமதமாக வந்தேன். அவர் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. அன்றைக்கு நன்றாகத் தூங்கினேன். இதையும் எழுத வேண்டும் என்று நினைக்கிறேன், ஏனென்றால் காரணம் என்று நீங்கள் கேட்பது இதுதானோ என்னவோ.

அதோடு நிறுத்தியிருப்பேன். நீச்சல் டீச்சர் வராமல் இருந்திருந்தால் நிச்சயமாக நிறுத்தியிருப்பேன்.

முழங்கால் வலிக்கு நீந்தச் சொன்னார்கள் என்று அப்பா நகராட்சி நீச்சல் குளத்தில் சேர்ந்தார். வாளித் தண்ணீரைக் கண்டாலே தள்ளி நிற்கிறவர். அங்கே பெரியவர்களுக்குக் கற்றுக்கொடுப்பவர் கணவரை இழந்த ஒரு டீச்சர், ஐம்பது தாண்டியவர். குளத்தின் அந்தக் கரைக்குக் கேட்கிற மாதிரி பேசியே பழகியவர். எங்கள் வீட்டுக்கு முதல் முறை வந்தபோது, "தண்ணி குடுங்கம்மா" என்று அவர் கேட்டதில் மாடி வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். தலைமுடி எப்போதும் ஈரமாகவே இருக்கும். நல்ல மனுஷி. அவரைப் பற்றி ஒரு குறையும் சொல்ல எனக்கு இல்லை.

நீல நிறத்தில் முதலில் 'நீச்சல்' வந்தது. பிறகு 'நீச்சல், தேநீர்'. பிறகு நீச்சல் இல்லாமலே 'தேநீர்'. அதன் பிறகு ஒருநாள், எந்த நேரமும் குறிக்காமல், ஒரு வேலை: 'மகளிடம் சொல்ல வேண்டும்.'

மறுநாள் காலை அது சிவப்பாக மேலே வந்து உட்கார்ந்திருந்தது. அதற்கடுத்த நாளும். நீல நிறம் தன் கண்ணுக்கு மட்டும்தான் தெரியும் என்று அப்பா நினைத்திருக்க வேண்டும். ஊரின் அத்தனை பஸ் நேரத்தையும் தலைக்குள் வைத்திருந்தவருக்கு இந்த ஒன்று மட்டும் பிடிபடவில்லை. வரவேற்பு மேசையில் உட்கார்ந்து, பல்லைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவர்களுக்குப் பதில் சொல்லிக்கொண்டே நான் அந்தச் சிவப்பு வரியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்குக் கீழே மற்றவை வந்து சேர்ந்தன. 'கடற்கரை ஊர், வீடு பார்க்க.' 'பதிவாளர் அலுவலகம், கையெழுத்து.' எல்லாவற்றுக்கும் தேதி இருந்தது. என்னிடம் சொல்வதற்கு மட்டும் தேதி இல்லை.

ஒவ்வொரு நாள் சாப்பாட்டிலும் காத்திருந்தேன்.

"பாப்பா..."

"சொல்லுங்கப்பா."

"ஒண்ணுமில்ல. மோட்டார் போட்டியா?"

கால் ஒரு இடத்தில் நிற்காது எனக்கு. மேசைக்கு அடியில் ஆடிக்கொண்டே இருக்கும். சொன்னால் அழுதுவிடுவேன், பிறகு சமாதானமாகிவிடுவேன் என்று நினைத்திருந்தேன். சொல்லவே இல்லையென்றால் என்ன செய்வது? தட்டைக் கழுவும்போது அந்தச் சிவப்பு, பஸ்ஸில் நிற்கும்போது அந்தச் சிவப்பு. கடைசியில் ஒருநாள் மருத்துவமனையில் கூட்டம் குறைந்த நேரத்தில், நானே அதற்கு டிக் போட்டேன். 'முடிந்தது.' வரி சாம்பலாகி அடங்கியது. அப்போது என் எண்ணத்தில் வேறு எதுவும் இல்லை. அந்த நிறம் போனால் போதும் என்று இருந்தது.

மறுநாள் காலை அப்பா அன்றைய வேலைகளை உரக்கப் படிக்கவில்லை. தட்டை ஓரமாக வைத்துவிட்டு என் அறை வாசலில் வந்து நின்றார்.

"பாப்பா, நேத்து... உன்கிட்ட ஏதாவது பேசினேனா?"

தலை வாரிக்கொண்டிருந்தேன். கண்ணாடியில் அவர் முகம் தெரிந்தது.

"பேசினீங்களேப்பா. எல்லாம் சொன்னீங்களே."

"எல்லாமா?"

"டீச்சர் விஷயம். கடற்கரை வீடு. எல்லாம்."

கதவைப் பிடித்துக்கொண்டார். "நீ என்ன சொன்ன?"

"எனக்குச் சந்தோஷம்தான்னு சொன்னேன். மறந்துட்டீங்களா?"

"இல்ல இல்ல" என்றார். "நெனவிருக்கு."

இதில் பொய் எது என்று பலமுறை பிரித்துப் பார்த்திருக்கிறேன், சார். அவர் சொல்ல விரும்பியதை, சொன்னதாகச் சொன்னேன். ஒரு நல்ல மகள் சொல்லியிருக்க வேண்டியதை, நான் சொன்னதாகச் சொன்னேன். அவர் அத்தனை நாள் பயந்த பேச்சு ஒரு நொடியில், சண்டை இல்லாமல், கண்ணீர் இல்லாமல் முடிந்துபோயிற்று. சம்மதமும் கொடுத்துவிட்டேன். அதை யாரும் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை.

அதன் பிறகு செய்தவை எல்லாம் சிறியவை. ஒரேயடியாக மாற்றினால் ஆட்கள் கேள்வி கேட்பார்கள். கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தினால் தங்களையே நொந்துகொள்வார்கள். இது மருத்துவமனையில் கற்றது. அப்பா முழங்கால் தைலம் வாங்கி வந்த பிறகு அந்த வரியில் இருந்த டிக்கை எடுத்துவிட்டேன். இன்னொரு புட்டி வாங்கி வந்தார். வீடு பார்க்கும் நாளை அடுத்த வாரத்துக்குத் தள்ளினேன். டீச்சர் பஸ் நிலையத்தில் காத்திருந்துவிட்டுத் திரும்பினார். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "தண்ணிக்குள்ள காது அடைச்சிருக்கும், நான் சொன்னது கேட்டிருக்காது" என்று சிரித்தார்.

நடுவில் ஒருநாள் அப்பா பழைய ஆணியில் ஒரு காகித நாட்காட்டியைக் கொண்டுவந்து மாட்டினார். பேனாவால் எதையோ எழுதவும் ஆரம்பித்தார். எனக்கு அன்று வேலையே ஓடவில்லை. மாலையில், "டிப்போல ரெண்டு கடிகாரம் மாட்ட விட மாட்டேன்னு நீங்கதானப்பா சொல்வீங்க" என்றேன். அவர் அதை ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு தானே கழற்றினார். நான் கைகூட வைக்கவில்லை.

பதிவாளர் அலுவலகத்துக்குத் திங்கட்கிழமை போவதாக இருந்தது. நான் செவ்வாயில் வைத்தேன்.

திங்கள் மதியம் டீச்சர் அங்கிருந்து நேராக எங்கள் வீட்டுக்கு வந்தார். அன்றுதான் அவர் முடி உலர்ந்து பார்த்தேன்; அழகாகச் சீவிப் பின்னியிருந்தார். எனக்கு அன்று விடுமுறை. விடுமுறையை நான் கேட்டுத்தான் வாங்கியிருந்தேன்.

"சார், உடம்புக்கு ஒண்ணுமில்லையே?" என்று அப்பாவிடம் கேட்டார்.

"நாளைக்குத்தானே டீச்சர்?" என்றார் அப்பா. சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார்.

"இன்னைக்கு சார். திங்கக்கிழமை கூட்டம் இருக்காதுன்னு நீங்கதானே நாள் பாத்தீங்க?"

அப்பா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுக் கணினிக்குப் போனார். திரையை டீச்சர் பக்கம் திருப்பிக் காட்டப் போனவர், பாதியில் நிறுத்திக்கொண்டார்.

"இப்பல்லாம் நான் இப்படித்தான் டீச்சர். பாப்பாகிட்ட நம்ம விஷயத்தைச் சொன்னதே எனக்கு நெனவில்ல. அவ்வளவு பெரிய விஷயம். வாயால சொல்லியிருக்கேன், தலையில இல்ல."

டீச்சர் அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். கிளம்பும்போது வாசலில் நின்று செருப்பைப் போட்டுக்கொண்டே கேட்டார். "அவர் மறக்கிற ஆளில்லம்மா. எத்தனை தடவ குளத்தைக் கடந்தோம்னு எனக்கே அவர்தான் கணக்கு சொல்லுவார். அந்தக் காலண்டரை வேற யாராவது தொடுவாங்களா?"

"நான்தான் சரிபாத்துக் கொடுப்பேன்" என்றேன்.

"அப்படியா" என்றார். அவர் குரல் அவ்வளவு சின்னதாக வந்து நான் கேட்டதே இல்லை.

அன்று மாலையே அப்பா அவருக்குப் போன் செய்து கல்யாணம் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். நான் சொல்லச் சொல்லவில்லை. இதை அடிக்கோடிட்டு எழுத விரும்புகிறேன். அது அவர் முடிவு. "தண்ணில முங்கினா நீங்க தூக்கி விட்டுடுவீங்க டீச்சர்" என்றார். "இது தண்ணி இல்ல." பிறகு வெகுநேரம் எதையோ கேட்டுக்கொண்டிருந்தார். போனை வைத்துவிட்டு, இஸ்திரி போட்டு வைத்திருந்த சட்டையை எடுத்து மடித்து உள்ளே வைத்தார்.

ஆறு மணிக்கு அப்பாவுக்கு மாத்திரை. இப்போது கொடுத்துவிட்டு வந்தேன். என்ன மாத்திரை என்று கேட்காமலே வாயைத் திறக்கிறார்.

நரம்பு டாக்டரிடம் அழைத்துப் போனதும் நான்தான். அக்கறை இல்லாத மகள் அதைச் செய்ய மாட்டாள். தவறிப்போன நாட்களை எல்லாம் அச்செடுத்து, பேனாவால் வட்டமிட்டுக் கொண்டுபோனேன். இவ்வளவு ஒழுங்காக யாரும் கொண்டுவருவதில்லை என்று டாக்டர் பாராட்டினார். பிறகு அப்பாவிடம் ஒரு வெள்ளைத் தாளைக் கொடுத்து, ஒரு கடிகாரம் வரையுங்கள், பதினொன்று பத்து காட்டட்டும் என்றார்.

அப்பா வட்டம் போட்டார். காம்பஸ் வைத்துப் போட்ட மாதிரி இருந்தது. எண்களை எழுதினார். முட்களை வரைந்தார். பதினொன்று பத்து. மிகச் சரி. சின்ன முள் பதினொன்றைத் தாண்டி ஒரு மயிரிழை நகர்ந்திருந்தது, உண்மையான கடிகாரத்தில் இருப்பது போல. பென்சிலைக் கீழே வைக்காமல் என்னைப் பார்த்தார்.

"சரியா பாப்பா?"

நான் ஒன்றும் சொல்லவில்லை. வாயைத் திறக்கவே இல்லை, சார். தாளைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தேன். அவர் கொஞ்ச நேரம் காத்திருந்தார். பிறகு ரப்பரை எடுத்து, இரண்டுக்கு நேராக இருந்த பெரிய முள்ளை அழித்துவிட்டு, பத்து என்ற எண்ணுக்கு நேராக வரைந்தார். டாக்டர் அதைப் பார்த்துவிட்டு எதையோ குறித்துக்கொண்டார்.

இப்போது நாட்காட்டியில் நான் எதையும் மாற்றுவதில்லை. தேவைப்படவில்லை. மாத்திரை அவரை மந்தமாக வைத்திருக்கிறது. தனியாக வெளியே போகப் பயப்படுகிறார், வீட்டுச் சாவி என் பையில் இருக்கிறது. நான் எப்போது வந்தாலும் வீட்டில் இருக்கிறார். கடற்கரை ஊரைப் பற்றிப் பேச்சில்லை. இதுதான் வேண்டும் என்று நான் நினைத்ததாக நினைவில்லை. ஆனால் நிம்மதியாக இருக்க வேண்டிய நேரத்திலும் கால் ஆடுகிறது. அதனால் டாக்டரிடம் போய்வந்த அன்றே நானும் ஒரு வேலையைப் பதிந்து வைத்தேன், பச்சை நிறத்தில்: 'அப்பாவிடம் சொல்ல வேண்டும்.' அது தினமும் காலையில் சிவப்பாக மேலே வந்து உட்கார்ந்துகொண்டிருந்தது. அவர் திரையிலும் அது தெரியும் என்பதை மறந்துவிட்டேன். தவறு என்று தனியாக எழுதுவதானால் இதைத்தான் எழுத வேண்டும்.

இன்று பாலைத் துடைத்து முடித்த பிறகு அப்பா மெதுவாகக் கேட்டார்.

"பாப்பா, என்கிட்ட ஏதோ சொல்லணும்னு போட்டு வச்சிருக்கியே. தெனமும் பாக்கறேன். என்னம்மா?"

அவர் முகத்தைப் பார்த்தேன். உண்மையிலேயே சொல்லத்தான் போனேன்.

"சொல்லிட்டேனேப்பா. நேத்தே சொல்லிட்டேனே."

"அப்படியா?" என்றார். ஈரத் துணியைப் பிழிந்தார், மறுபடியும் பிழிந்தார். "நான் என்ன சொன்னேன்?"

"மன்னிச்சுட்டேன்னு சொன்னீங்க."

"நல்லது" என்றார் அப்பா. "நல்லதும்மா." என் தலையில் கை வைத்தார். கை ஈரமாக இருந்தது.

நான் போய் டிக் போட்டேன். வரி சாம்பலாகிவிட்டது. ஆகவே இந்த விஷயம் எங்களுக்குள் பேசி முடிந்துவிட்டது, சார். அவர் என்னை மன்னித்துவிட்டார். அதனால்தான் இவ்வளவு வெளிப்படையாக எழுத முடிகிறது.

நாட்காட்டியில் அப்பாவின் நீல நிறத்தில் நாளைக்கு ஒரு புதிய பதிவு இருக்கிறது. நீச்சல் டீச்சர் அனுப்பியது. நாலு மணிக்கு வருகிறாராம், வேறொரு டாக்டரிடம் அழைத்துப் போகிறாராம், வீட்டில் இருக்கச் சொல்லியிருக்கிறார். அப்பா அதைப் பார்த்துவிட்டு மதியமே இஸ்திரிப் பெட்டியை எடுத்தார். "டீச்சர் நாளைக்குத்தானே பாப்பா?" என்றார். செவ்வாய்க்கிழமை என்றேன். சரி என்று பெட்டியை உள்ளே வைத்தார். திரையைத் திரும்பிப் பார்க்கவில்லை.

நாளைய பணி: மூன்றரை மணிக்கு அப்பாவைப் பூங்காவுக்கு அழைத்துப் போக வேண்டும். கதவைப் பூட்ட வேண்டும். திரும்பும்போது பால் வாங்க வேண்டும்.